பீப்பாய் மேல் ஒரு லீவன், ஆட்டத்தில் ஒரு லீவன்

எல்சன்டோங் கிராமம்,
அர்ச். பர்த்தலமேயு திருநாளுக்கு அடுத்த வாரம், 1613

அன்பு மகள் மாய்க்கனுக்கு உன் சித்தப்பா லீவன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் தயவில் நானும் என் துருத்திக்குழலும் சுகம். எனக்கு முழங்காலில் கொஞ்சம் பிடிப்பு உண்டு, குழலுக்கு அதுவும் இல்லை. ஆன்ட்வெர்ப் பட்டணத்துப் புகையில் நீயும் மாப்பிள்ளை யாஸ்பரும் இருமாமல் இருக்கிறீர்களா என்று எழுது.

எங்கள் கோயில் திருவிழாவைப் படமாக எழுதவேண்டும் என்று வந்து, இரண்டு நாளும் வைக்கோல் வண்டி மேல் உட்கார்ந்து கரித்துண்டால் கீறிக்கொண்டே இருந்தாரே மாப்பிள்ளை, பத்திரமாக வந்து சேர்ந்தாரா? வறுத்த வாத்தைத் தொடவில்லை, பீரையும் பாதியில் வைத்துவிட்டார். இப்படி ஒரு விருந்தாளியை இந்த ஊர் பார்த்ததில்லை. போகட்டும். நாட்டில் சண்டை ஓய்ந்த பிறகு இந்த வருஷத்தைப் போல ஒரு திருவிழா நடக்கவில்லை. நான் ஊதின ஊதில் கோபுரத்துக் காக்கைகளெல்லாம் தலையாட்டின. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு பிரபுவின் வண்டிக் குதிரைகள் நகரமாட்டேன் என்று நின்றுவிட்டதாகக் கேள்வி. கேள்வி என்ன, நானே பார்த்தேன்.

இன்னொரு நல்ல சேதி. ‘அன்னம்’ பீர்க்கடை டிக்னாவை உனக்கு நினைவிருக்கும், புருஷனைப் பறிகொடுத்தபின் தானே பீர் காய்ச்சி, தானே கடை நடத்துகிறாளே, அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். பனி கழிந்ததும் கல்யாணம் என்று வைத்துக்கொள். திருவிழாவன்று நாங்கள் இருவரும் கைகோர்த்து முன்னால் ஆடினோம், ஊரே வழிவிட்டு நின்றது. ஆகையால் மாப்பிள்ளையிடம் சொல்: படத்தில் எல்லாருக்கும் முன்னால் டிக்னா, அவள் கையைப் பிடித்தபடி நான். மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாகப் போடட்டும். புகைபோட்ட பன்றித்தொடை ஒன்று வண்டிக்காரனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அதைப் படத்துக்காக என்று நினைக்கவேண்டாம், பிரியத்துக்காக. படத்தையும் மறக்கவேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தில் நிற்காதே.
சுற்றியுள்ள நான்கு கோயில் பங்குகளிலும் பேர்போன உன் சித்தப்பா,
லீவன்

———

ஆன்ட்வெர்ப்,
திருச்சிலுவைத் திருநாள்

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு மாய்க்கனின் வணக்கம். நாங்கள் சுகம். உங்கள் முழங்காலுக்கு வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தடவுங்கள். பன்றித்தொடை வந்தது. ஒரு ஓரத்தில் பல் பட்டிருந்தது, வண்டிக்காரருக்கு வழியில் பசித்திருக்கும்.

ஓக் பலகைக்கு வெள்ளைப் பூச்சு போட்டுக் காயவைத்திருக்கிறார் யாஸ்பர். அது காயும் மட்டும் திருவிழாவில் கீறிக்கொண்டு வந்த தாள்களைத் தரையில் விரித்து, யார் எங்கே என்று அடுக்கிக்கொண்டிருக்கிறோம். சித்தப்பா, எல்லாத் தாளிலும் நீங்கள் பீப்பாய் மேல்தான் இருக்கிறீர்கள், இரண்டு கன்னமும் உப்பியபடி. நம் ஊரில் ஊதுகிறவர் பீப்பாயை விட்டு இறங்கினால் அன்றைய ஆட்டம் முடிந்தது என்றுதானே வழக்கம். நீங்கள் ஆடினபோது யார் ஊதினார்கள் என்று யாஸ்பர் கேட்கிறார்.

டிக்னா முன்னால்தான் ஆடுகிறாள். அவள் கையைப் பிடித்திருப்பவர் நல்ல உயரம், நீளக் கால், தொப்பியில் கரண்டி செருகியிருக்கிறார். யாஸ்பருக்கு அவர் பேர் தெரியவில்லை.

‘ஏறக்குறைய முடிந்த மாதிரி’ என்று எழுதியிருந்தீர்கள். டிக்னாவிடம் வாய்திறந்து கேட்டுவிட்டீர்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் மகள் போன்ற,
மாய்க்கன்

———

எல்சன்டோங்,
அர்ச். மிக்கேல் திருநாள்

மகள் மாய்க்கனுக்கு. கொழுப்பைத் தடவினேன், முழங்கால் பதினெட்டு வயசுப் பையனுடையது போல் ஆகிவிட்டது. நீங்கள் சுகமா?

அந்தக் கரண்டித் தொப்பிக்காரனை எனக்குத் தெரியும். கூரை வேய்கிற கொம்மார். மனுஷனுக்கு வேண்டிய கால் இவ்வளவு என்று ஒரு அளவு உண்டு, அவனுக்கு மட்டும் ஆண்டவர் கொக்குக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆடுகிறானாம் ஆட்டம். கூரை மேல் சறுக்கி விழப்போகிறவன் சமாளிப்பதை ஆட்டம் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அதுவும் யார் வாசிப்புக்கு? என் வாசிப்புக்கு. என் மூச்சைச் செலவழித்து நான் ஊத, அந்த மூச்சில் அவன் டிக்னாவைச் சுற்றிச் சுற்றி வருகிறான். இதை எந்த நியாயாதிபதியிடம் சொல்வது?

நான் ஆடினது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில். மாப்பிள்ளை அப்போது கரித்துண்டைச் சீவிக்கொண்டிருந்திருப்பார், கவனித்திருக்கமாட்டார். கொம்மாரை அடியோடு சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னை வைக்கச் சொல். அவனுக்குப் படத்தில் இடம் கொடுக்கவேண்டும் என்றால் வேலிக்குப் பின்னால், பன்றிக்குப் பக்கத்தில் முதுகு காட்டிக்கொண்டு நிற்கட்டும். இந்தப் படம் நாளை ஒரு பெரிய வீட்டுச் சுவரில் தொங்கும். நம் சந்ததியார் பார்த்து, டிக்னா கொம்மாரோடு ஆடினவள் என்று நினைத்தால் அப்புறம் அதுதானே நடந்தது என்று ஆகிவிடும்.

வாத்து ஒன்று அனுப்புகிறேன். வண்டிக்காரன் கடிக்காதபடி உயிரோடு.

உங்கள் சுகத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்,
லீவன் சித்தப்பா

———

ஆன்ட்வெர்ப்,
அர்ச். லூக்காஸ் திருநாள்

சித்தப்பாவுக்கு வணக்கம். இன்று ஓவியர்களின் பாதுகாவலர் திருநாள், யாஸ்பர் சங்கத்து விருந்துக்குப் போயிருக்கிறார். அடுப்பும் நானும் உங்கள் வாத்தும் வீட்டில் இருக்கிறோம். வாத்தைக் கொல்ல மனம் வரவில்லை, பக்கத்து வீட்டு நாயை விரட்டுகிறது.

நீங்கள் கேட்டதைச் செய்யலாம் என்கிறார். படம் இன்னும் பழுப்பு நிறப் பூச்சில்தான் இருக்கிறது, ஆளை மாற்றுவது பெரிதில்லை. ஊசியால் குத்தி ஓட்டை போட்ட தாள்கள் பெட்டி நிறைய இருக்கின்றன; தாளைப் பலகை மேல் வைத்துக் கரித்தூள் மூட்டையால் தட்டினால் ஆள் இறங்கிவிடுவான். நீங்கள் ஆட்டத்துக்கு வந்தால் பீப்பாய் மேல் வேறு ஆளை ஏற்றவேண்டும். லீர் ஊர்க்காரர் ஒருவருடைய தாள் இருக்கிறது, கன்னத்தில் மரு, நன்றாக ஊதுகிற பாவனை. அவரை வைக்கலாமா என்று கேட்கச் சொன்னார்.

இன்னொன்று. டிக்னா கொம்மாரோடு ஆடினாலும் அவள் கழுத்து திரும்பியிருக்கிறது. முகம் கூட்டத்துக்கு மேலே, பின்பக்கமாகப் பார்க்கிறது. அதை மாற்ற யாஸ்பருக்கு விருப்பமில்லை. பார்த்ததைத்தான் போட்டேன் என்கிறார். நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள்.

நான் போன கடிதத்தில் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

குளிர் தொடங்கிவிட்டது, கம்பளி போட்டுக்கொள்ளுங்கள்.
மாய்க்கன்

———

எல்சன்டோங்,
சகல அர்ச்சிஷ்டவர் திருநாள்

மகளுக்கு. உடம்பு சுகம், மனசுதான் அடுப்பில் வைத்த மாதிரி இருக்கிறது.

என் பீப்பாய் மேல் லீர்க்காரனா? என் பீப்பாய் மேலா? மருவோடா? அவனை ஏற்றினால் அந்தப் பலகையை நானே வந்து விறகாக உடைப்பேன் என்று மாப்பிள்ளையிடம் மரியாதையாகச் சொல். எல்சன்டோங் திருவிழாவில் லீவனைத் தவிர ஒருவனும் ஊதியதில்லை, ஊதப்போவதும் இல்லை. பீப்பாய் மேலும் நான்தான், டிக்னா கையைப் பிடித்துக்கொண்டும் நான்தான். ஏன், முடியாதா? வேத படங்களில் ஒரே அர்ச்சிஷ்டவர் ஒரு மூலையில் பிரசங்கம் பண்ணுகிறார், இன்னொரு மூலையில் தலை வெட்டுப்படுகிறார். அவருக்கு ஆகும், எனக்கு ஆகாதா?

கழுத்தை நேராக்கிவிடச் சொல். கையைப் பிடித்தவன் முகத்தைப் பார்க்காமல் ஆடுகிற பெண் உண்டா? வேறெங்கோ பார்த்தால் கொம்மாரின் சிநேகிதன் எவனையாவது பார்க்கிறாள் என்றுதான் ஆகும். என்னைப் பார்க்கட்டும். ஆடுகிற என்னை.

இங்கே நடப்பதைக் கேள். டிக்னாவின் பீர் காய்ச்சும் கொட்டகைக்குக் கூரை மாற்றுகிறேன் என்று கொம்மார் ஏறினவன் இறங்கவேயில்லை. அரண்மனைக்குக்கூட இவ்வளவு நாள் வேய்ந்திருக்கமாட்டார்கள். மேலிருந்து முற்றம் முழுக்கத் தெரியும், அவள் வாளி எடுப்பது, கோழிக்குத் தீனி போடுவது எல்லாம். நான் கடைக்குள் இருந்தால் அவள் தலை எனக்கு ஒரு கோப்பை நேரம்தான் தெரிகிறது. நேற்று அவனிடம் வேடிக்கையாகக் கேட்டேன், கூரையிலேயே கூடு கட்டிக்கொள்ளப் போகிறாயா என்று. அவன் சிரித்துக்கொண்டு, “மழைக்கு முன்னாடி முடிக்கணும்ணே. நீங்க ஒரு பாட்டு ஊதுனா வேலை சீக்கிரம் ஓடும்” என்றான். அண்ணன் என்று கூப்பிடுகிறான், பார். எனக்கு வயசாகிவிட்டது என்று டிக்னா காதில் விழட்டும் என்றுதானே?

நான் ஊதவில்லை. கொஞ்சம்தான் ஊதினேன்.

வெண்ணெய் ஒரு ஜாடி வருகிறது. உன் கை மணத்தை நினைத்துக்கொண்டு,
சித்தப்பா லீவன்

———

ஆன்ட்வெர்ப்,
அர்ச். நிக்கோலாஸ் திருநாள்

சித்தப்பாவுக்கு வணக்கம். நாங்கள் சுகம். வெண்ணெய் அருமை.

நீங்கள் சொன்னபடியே ஆகிவிட்டது. பீப்பாய் மேல் ஒரு லீவன், ஆட்டத்தில் ஒரு லீவன். கொம்மாரை அழித்தாகிவிட்டது. டிக்னாவின் கழுத்து நேராகிவிட்டது, ஆடுகிற உங்களைப் பார்க்கிறாள். அதைச் செய்த அன்று யாஸ்பர் தூரிகையைக் கழுவாமலே போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். மெக்லின் ஊர் துணி வியாபாரி ஒருவர் படத்தை வாங்க முன்வந்திருக்கிறார். இரண்டு லீவன்களையும் பார்த்து, இரட்டைப் பிள்ளைகளா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உயிர்ப்பின் பாஸ்குத் திருநாள் கழித்து எடுத்துக்கொண்டு போவார்.

சித்தப்பா, ஒன்றை நான் போன முறையே நேராக எழுதியிருக்கவேண்டும். உங்களுக்குப் புரியும் என்று விட்டுவிட்டேன். டிக்னாவின் முகம் கூட்டத்துக்கு மேலே திரும்பியிருந்தது என்றேன் அல்லவா? கூட்டத்துக்கு மேலே அந்தப் பக்கம் இருப்பது பீப்பாய்தான். அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாத் தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. எவன் கையைப் பிடித்து ஆடினாலும் கழுத்து மட்டும் பீப்பாய்ப் பக்கம் போய்விடும், அதைக் கீறத்தான் எனக்கு அரை நாள் ஆயிற்று என்று யாஸ்பர் சொல்கிறார். பலகையில் அழித்துவிட்டோம். தாள்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

படத்தை விடுங்கள். போய்க் கேளுங்கள்.
மாய்க்கன்

———

எல்சன்டோங்,
மூவரசர் திருநாளுக்கு மறுநாள்

என் தங்க மகளே. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. சுகம் என்றால் இப்படி ஒரு சுகம் எனக்கு ஞானஸ்நானம் வாங்கின அன்றிலிருந்து இல்லை. உன் கடிதத்தைப் படித்தேன், மறுபடி படித்தேன், நான் தப்பாகப் படிக்கிறேனோ என்று பங்குச் சாமியாரிடம் கொடுத்துப் படிக்கவைத்துக் கேட்டேன். “அப்படித்தான்யா எழுதியிருக்கு” என்றார். பழைய கடிதத்தில் இதை நீ ஒளித்து எழுதியிருந்தாய், என்னைப் போல் படித்தவனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

மூவரசர் விருந்து ‘அன்னம்’ கடையில்தான். கேக்குக்குள் வைத்துச் சுட்ட, ராஜாவைத் தேர்ந்தெடுக்கிற அவரை விதை யாருக்கு வந்தது? கொம்மாருக்கு. காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு ராஜாவாக உட்கார்ந்துவிட்டான். ராணியாக யாரைக் கூப்பிட்டான் என்று சொல்லவேண்டியதில்லை. அவன் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் ‘ராஜா குடிக்கிறார்’ என்று ஊரே கத்தவேண்டும். நானும் கத்தினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த விதை அவன் துண்டில் தானாக வந்தது என்று நான் நம்பவில்லை. ஆனால் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். கிரீடம் உனக்கு, கழுத்து எனக்கு.

இப்போது என் யோசனையைக் கேள். தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில், ஊர் பார்க்க, டிக்னாவோடு ஆடப்போகிறேன். ஆடி முடித்ததும் கேட்டுவிடுவேன். அப்படியானால் பீப்பாய் மேல் யார்? பக்கத்து ஊர்க் குழல்காரன் ஸ்டோஃபலைக் கூப்பிட்டால் அதையே சாக்காக வைத்து வருஷா வருஷம் வந்துவிடுவான். ஆகையால் கொம்மாரை ஏற்றப்போகிறேன். யோசித்துப் பார், பீப்பாய் மேல் இருக்கிறவன் கை குழலில் இருக்கும், டிக்னா கையில் இருக்காது. அவனுக்கு இரண்டு பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன், கேட்கிற மாதிரி இல்லாமல், ஆடுகிற மாதிரி மட்டும். என்னைப் போல் புத்தி யாருக்கு வரும்?

டிக்னாவிடம் ஜாடையாகச் சொன்னேன், செவ்வாய்க்கிழமை முழங்காலைத் தயாராக வைத்துக்கொள் என்று. கோப்பையைத் துடைத்துக்கொண்டே, “யாரு முழங்காலச் சொல்ற, என்னோடதா உன்னோடதா?” என்றாள். பார், எவ்வளவு பிரியம்.

மாப்பிள்ளைக்கு முத்தம், வாத்துக்கும்.
ஆட்டக்காரன்,
லீவன்

———

ஆன்ட்வெர்ப்,
மெழுகுதிரித் திருநாள்

சித்தப்பாவுக்கு. எனக்குக் கொஞ்சம் இருமல், வேறொன்றுமில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு யாஸ்பர் பணியாரம் சுட்டுக்கொண்டே அடுப்பங்கரையில் ஆடிக் காட்டினார். எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் ஏன் செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திருக்கவேண்டும்? ஏன் ஊர் பார்க்கவேண்டும்? கடை மூடுகிற நேரத்தில் போய், நாற்காலிகளை அடுக்கிக் கொடுத்துக்கொண்டே கேட்டால் போதாதா? முதலில் கேளுங்கள், அப்புறம் ஆடுங்கள். கொம்மார் பீப்பாய் மேல் ஏறட்டும், ஏறாமல் போகட்டும்.

நல்ல சேதிக்குக் காத்திருக்கும்,
மாய்க்கன்

———

எல்சன்டோங்,
தவக்காலத்தின் பாதி ஞாயிறு

மகள் மாய்க்கனுக்கு. உன் இருமல் நின்றதா? நான் சுகம். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் மை உறைந்துபோனதுதான்.

செவ்வாய்க்கிழமை நல்லபடியாக நடந்தது. மிகவும் நல்லபடியாக. கொம்மார் பீப்பாய் மேல் ஏறினான். முதல் பாட்டு, பன்றியைக் கதவில் வைத்து நசுக்கின மாதிரி வந்தது. ஊரே சிரித்தது, எனக்கு உள்ளம் குளிர்ந்தது. டிக்னா கையைப் பிடித்தேன். வேலை செய்து காய்த்த கை, சூடான கை. நான் ஆடின ஆட்டத்தை நீ பார்த்திருக்கவேண்டும், என் மரக்கட்டைச் செருப்பிலிருந்து நெருப்பு பறந்தது என்று சொன்னார்கள்.

இரண்டாவது பாட்டு. அந்தக் கூரைக்காரனுக்கு எங்கிருந்து மூச்சு வந்ததோ தெரியவில்லை. நான் சொல்லிக்கொடுக்காத ஒரு நெளிவு போட்டான். ஜனங்கள் காலைத் தட்ட ஆரம்பித்தார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “இவன் லீவனவிட நல்லா ஊதுறான்ல?” என்று சொன்னது என் காதில் விழுந்தது. யார் என்று திரும்பிப் பார்த்தேன். அப்புறம் பீப்பாயைப் பார்த்தேன். என் தோல்பை, என் குழல், நான் உட்கார்ந்து தேய்ந்த இடத்தில் அவன் உட்கார்ந்திருக்கிறான், நெற்றி வியர்க்கிறது, கண் மூடியிருக்கிறது, ஊதுகிறான். அவன் விரலை எங்கே வைக்கிறான் என்று பார்த்துக்கொண்டே ஆடினேன். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அதற்கு மேல் பொறுக்கவில்லை. டிக்னா கையை விட்டேன், விட்டது எனக்கே தெரியவில்லை. பீப்பாய்க்குப் போய் அவனை இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்து ஊதினேன் மகளே, அப்படி இந்த ஊரில் யாரும் ஊதினதில்லை. சொல்லிப் பெருமைப்படவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கூட்டத்தின் நடுவில் டிக்னா கொஞ்ச நேரம் கையைத் தொங்கவிட்டு நின்றாள். அப்புறம் கொம்மார் போய்க் கை நீட்டினான். ஆடினார்கள்.

ஆட்டம் ஓய்ந்ததும் ஒரு கோப்பை பீர் எடுத்துக்கொண்டு பீப்பாய்க்கு வந்தாள். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறக்கப் பார்த்தேன், வாயில் குழல் இருந்தது. அதை எடுப்பதற்குள் அவள் பேசிவிட்டாள். “நீ இங்க உக்காந்து ஊதறப்பவாச்சும் உன்னப் பாத்துக்கிட்டு இருப்பேன், நீயும் பாப்ப. இன்னைக்கி என் கையப் பிடிச்சுக்கிட்டு நீ பாத்ததெல்லாம் அந்தத் தோல்பையத்தான்யா. ஆடுறப்ப ஒருத்தன் என்னப் பாத்துக்கிட்டு ஆடணும்னு எனக்கும் ஆச இருக்காதா?”

கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். பீர் நன்றாக இருந்தது.

தவக்காலத்தில் மாமிசம் இல்லை, அதனால் ஒன்றும் அனுப்பவில்லை.
சித்தப்பா

———

ஆன்ட்வெர்ப்,
மங்கள வார்த்தைத் திருநாள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு. இருமல் போய்விட்டது. நீங்கள் சுகம் என்று எழுதியிருந்ததை அப்படியே நம்புகிறேன்.

வண்டிக்காரர் வந்திருந்தார். கொம்மார் கேட்டாராம், டிக்னா பாத்திரம் கழுவிக்கொண்டே சரி என்றாளாம், பாஸ்கு கழிந்து கோயிலில் மூன்று முறை கல்யாண ஓலை வாசிப்பார்களாம். நீங்கள் இதைப் பற்றி எழுதவில்லை. நானும் அதற்கு மேல் அவரிடம் கேட்கவில்லை. கல்யாணச் சமயத்தில் நீங்கள் இங்கே எங்களோடு வந்து இருக்கலாம். யாஸ்பருக்கும் துணையாக இருக்கும், வாத்தும் உங்களைத் தேடுகிறது.

மெக்லின் வியாபாரி படத்தைப் பார்க்க வந்தார். வீட்டில் எல்லாரும் கேலி செய்கிறார்களாம், இரண்டு லீவன்களில் ஒருவரை எடுத்துவிட்டுத் தாருங்கள் என்கிறார். எவரை எடுப்பது என்று உங்களைக் கேட்காமல் கை வைக்கமாட்டேன் என்று யாஸ்பர் நிற்கிறார். வார்னிஷ் பூசுவதற்கு முன் எழுதுங்கள்.

எப்போதும் உங்கள்,
மாய்க்கன்

———

எல்சன்டோங்,
பாஸ்குக்கு அடுத்த ஞாயிறு

மகள் மாய்க்கனுக்கும் மாப்பிள்ளைக்கும். உயிர்த்த ஆண்டவர் உங்கள் வீட்டைக் காப்பாற்றட்டும். நான் சுகம். இந்த முறை முழங்கால்கூட.

ஆடுகிறவனை எடுத்துவிடச் சொல். அந்த இடத்தில் கொம்மாரைத் திரும்ப வைக்கவேண்டாம். நடந்தது நடந்ததுதான், அதை வரைந்து வேறு காட்டவேண்டுமா? ஒரு மரத்தை வைக்கட்டும், அல்லது டிக்னா தனியாக ஆடட்டும், அவளுக்கு அது நன்றாக வரும். கழுத்தை மறுபடி பழையபடி திருப்ப முடியுமா என்று மாப்பிள்ளையைக் கேள். முடியாது என்றால் எனக்கு எழுதவேண்டாம்.

கல்யாணச் சமயத்தில் அங்கே வரச் சொன்னாய். வர முடியாது, வேலை இருக்கிறது. அதைச் சொல்கிறேன். குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து வரும்போது சாமியார் என் தோளைத் தட்டி, ‘உன் மனசு கஷ்டப்படக்கூடாது என்று டிக்னா கல்யாணத்துக்கு ஊத ஸ்டோஃபலைப் பேசப்போகிறாளாம்’ என்றார். ஸ்டோஃபலை. அவன் குழலுக்கு நாய்த்தோல் போட்டிருக்கிறான், இது ஊருக்கே தெரியும். கிறிஸ்தவக் கல்யாணத்தில் நாய்த்தோலா? அன்று ஒரு துண்டு ரொட்டி இறங்கவில்லை. கொம்மார் அவளைக் கட்டிக்கொள்கிறான் என்று கேட்டபோதுகூட எனக்கு அப்படி ஆகவில்லை. ஆகவில்லை என்றால், வேறு மாதிரி ஆயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவிக்கொண்டு ‘அன்னம்’ கடைக்குப் போனேன். புனித வாரம், கடை அடைத்திருந்தது. அந்தக் கதவை நான் இதுவரை தட்டினதே கிடையாது, எப்போதும் திறந்தேதான் கிடக்கும். தட்டினேன். வழியெல்லாம் நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன், பிரபுக்கள் பேசுகிற மாதிரி. அவள் கதவைத் திறந்தாள், முழங்கை வரைக்கும் மாவு. அந்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை.

“டிக்னா, உன் கல்யாணத்துக்கு நான் ஊதட்டுமா?” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மாவுக் கையால் நெற்றி மயிரை ஒதுக்கினாள். யோசிக்கவில்லை.

“கேக்கணுமா, சரின்னுதான சொல்லுவேன்” என்றாள்.

நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று ஓலையும் வாசித்த பிறகு வரும் புதன்கிழமை கல்யாணம். துருத்திக்குப் புதுத்தோல் தைத்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கடிதத்தைச் சின்னதாக முடிக்கிறேன். நீங்கள் இருவரும் சுகமாக இருங்கள்.

சித்தப்பா,
லீவன்